சாப்பிட மறுக்கும் பிள்ளையும் பசியை மறக்காத அம்மாவும்



"மிஸ், இவன் ஒண்டும் சாப்பிடுறானில்லை."

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தாய்மாரைச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்கிற வசனம் இது. வீட்டு வாடகை, வெளிநாட்டில் இருக்கும் கணவர், காணாமல் ஆக்கப்பட்ட சகோதரன், ஊரில் தனித்திருக்கும் அம்மா என்று எத்தனையோ கவலைகளைப் பேசி முடித்து எழும்பும் நேரத்தில், இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் காட்டி இதைச் சொல்வார்கள். சொல்லும்போதே பலருக்குக் கண் கலங்கிவிடும். "இது ஒரு சின்ன விசயம்தான், ஆனாலும்..." என்று இழுப்பார்கள். இது சின்ன விடயம் அல்ல. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருடம் முழுவதும் ஒரு வீட்டில் நடக்கிற போராட்டம் எப்படிச் சின்ன விடயமாகும்?

பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். ஒன்று நூடில்ஸ் மட்டும் சாப்பிடும். இன்னொன்று கறி எதுவும் படாத வெள்ளைச் சோறு மட்டும் சாப்பிடும். வேறொன்றுக்குப் பாலும் மாரி பிஸ்கட்டும்தான் சாப்பாடு. பச்சையாக எதைக் கண்டாலும் துப்பிவிடும். சோற்றுக் கோப்பையோடு அம்மா மாடிக் குடியிருப்பின் நடைவழியில் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவார். கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டு, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு கவளத்தைத் திணிப்பார். ஒன்றரை மணித்தியாலம் கழித்துச் சோறு காய்ந்து போயிருக்கும். பிள்ளை அழும். சில வேளை அம்மாவும் அழுவார்.

இந்தப் பிரச்சினை உலகெங்கும் எல்லா வீடுகளிலும் உள்ளது. ஆனால் எங்கள் வீடுகளில் அதற்குள் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. இன்று இரண்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் வன்னித் தாய் ஒருவருக்கு முப்பது வயதளவில் இருக்கலாம். அப்படியானால் 2009ஆம் ஆண்டில் அவர் பதின்ம வயதுச் சிறுமி. அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிக்காக வரிசையில் நின்றவர். அந்தக் கஞ்சியைத்தான் இன்று ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூருகிறோம். அவருடைய தாய் 1990க்குப் பின்னர் வந்த பொருளாதாரத் தடையில் குடும்பத்தை நடத்தியிருப்பார். யாழ்ப்பாணத்தவராக இருந்தால், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவில் கைப்பிள்ளைக்குப் பால் இல்லாமல் நடந்திருப்பார். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டால், மற்றவர்கள் காண்பது சாப்பிட விருப்பமில்லாத பிள்ளையை. இந்த அம்மா காண்பது பட்டினியை.

ஆகவே இந்த மாதம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பசிகள் இருக்கின்றன. ஒன்று இன்றைய பிள்ளையின் பசி. மற்றது அன்றைய எங்களுடைய பசி. பிள்ளைக்கு ஊட்ட வேண்டியது பிள்ளையின் பசிக்கு மட்டுமே.

பிள்ளையின் பசி ஏன் குறைகிறது?

மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது நிறை மூன்று மடங்காகிறது. ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் சுமார் இரண்டரைக் கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. எட்டு மாதத்தில் கிண்ணம் நிறையச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் நாலு வாயோடு முகத்தைத் திருப்புவதற்கு இதுவே முக்கிய காரணம். பிள்ளைக்குக் கண்ணூறு படவில்லை. உங்கள் கைப்பக்குவமும் கெட்டுப்போகவில்லை.

இரண்டாவது காரணம், புதிய உணவைக் கண்டு பயப்படுவது இந்த வயதின் இயல்பு. நடக்கத் தொடங்கிய பிள்ளை கையில் அகப்படுவதையெல்லாம் விழுங்காமல் இருப்பதற்கு இயற்கை வைத்த காவல் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நேற்றுச் சாப்பிட்ட பூசணிக்காயைக்கூட இன்று வேறு வடிவில் வெட்டியிருந்தால் பிள்ளைக்கு அது புது உணவுதான்.

மூன்றாவது, 'மாட்டேன்' என்று சொல்லிப் பார்க்கிற வயது இது. உடுப்பிலும் குளிப்பிலும் நித்திரையிலும் சொல்லும் அதே சொல்லைச் சாப்பாட்டிலும் சொல்கிறது. மற்ற இடங்களில் சிரித்துவிட்டுப் போகும் நாங்கள் சாப்பாட்டில் மட்டும் பதறுகிறோம். பதறுவதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறது.

அளவிலும் நாங்கள் தவறாகக் கணக்குப் போடுகிறோம். ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கரண்டி சோறு, இரண்டு கரண்டி பருப்பு, இரண்டு கரண்டி மரக்கறி. மேலும் கேட்டால் போடலாம். பெரியவரின் கோப்பையில் பாதியைப் போட்டுவிட்டு 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்று சொன்னால் அது பிள்ளையின் குற்றமல்ல.

வற்புறுத்தினால் நடப்பது என்ன?

கையைப் பிடித்து, மூக்கை அமத்தி, வாயில் திணித்து ஊட்டுகிற வழக்கம் எங்கள் மத்தியில் இன்னமும் உள்ளது. அழுகிற பிள்ளையின் வாயில் உணவு இருந்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகலாம். இது உயிருக்கே ஆபத்தானது. ஆபத்து நேராவிட்டாலும், உணவைக் கண்டாலே பிள்ளை பயப்படப் பழகிவிடும். பயம் கூடினால் பசி இன்னும் குறையும்.

கைத்தொலைபேசி வேறு விதமான சிக்கல். படம் பார்த்துக்கொண்டு விழுங்குகிற பிள்ளைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. தொலைபேசி இல்லாத நாளில் வாயே திறக்காது.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. "சாப்பிடாட்டி ஆமிக்காரன் வந்து பிடிச்சுக்கொண்டு போவான்" என்று சொல்லி ஊட்டுவதைச் சில வீடுகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர் அதைப் பகிடியாகத்தான் சொல்கிறார். ஆனால் நாங்கள் எந்தப் பயத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற ஊரை விட்டு ஓடிவந்தோமோ, அந்தப் பயத்தையே ஒரு வாய்ச் சோற்றுக்காகப் பிள்ளையின் கோப்பையில் வைப்பது நியாயமா?

யார் எதைத் தீர்மானிப்பது?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் 1980களிலிருந்து சொல்லிவரும் ஒரு வேலைப் பங்கீடு உண்டு. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்ற மூன்றையும் தீர்மானிப்பது பெற்றோர். சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு சாப்பிடுவது என்ற இரண்டையும் தீர்மானிப்பது பிள்ளை. எங்கள் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை பிஸ்கட்டைக் காட்டினால் கொடுத்துவிடுகிறோம், அதாவது எது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. பிறகு சோற்றைத் திணிக்கிறோம், அதாவது எவ்வளவு என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம்.

பிள்ளையை நம்பி விடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் இதே கேள்வியோடு ஓர் ஆய்வைச் செய்தார். அதன் முதல் முடிவுகள் 1928இலும் முழுத் தொகுப்பு 1939இலும் வெளிவந்தன. பால்குடி மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை இயற்கை உணவுகள் ஒழுங்கு செய்யப்பட்டன. ஒவ்வொரு வேளையும் அவற்றில் பலவற்றைத் தட்டில் வைத்துவிட்டுத் தாதிமார் வாய் திறக்காமல் இருந்தார்கள். வற்புறுத்தலும் இல்லை, பாராட்டும் இல்லை. பிள்ளைகள் ஒரு நாள் ஒன்றை அள்ளிச் சாப்பிட்டன, மறுநாள் அதைத் தொடவே இல்லை. ஒரு வேளையைப் பார்த்தால் பைத்தியக்காரச் சாப்பாடு போல இருந்தது. ஆனால் நீண்ட காலக் கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்தன. இதில் ஒரு சூட்சுமம் இருந்தது, அதை டேவிஸே சொன்னார்: தட்டில் சீனியோ இனிப்புப் பண்டமோ இருக்கவில்லை. நல்ல உணவுகளுக்குள்ளேதான் பிள்ளை தெரிவு செய்தது. ஆகவே பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுங்கள், ஆனால் கோப்பையில் எதை வைப்பது என்பதை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலில் நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். மூன்று சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுணவு. அவற்றுக்கு நடுவில் தண்ணீர் மட்டும். அழுகைக்கு ஒரு பிஸ்கட், கடைக்குப் போனால் ஒரு ரொபி, பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்த கேக் என்று நாள் முழுக்கக் கொறிக்கும் பிள்ளைக்கு மதியம் பசி வராது.

அடுத்து பாலைக் கணக்குப் பாருங்கள். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் பசுப்பாலோ பால்மாக் கரைசலோ தேவையில்லை. நான்கைந்து போத்தல் குடிக்கும் பிள்ளைக்கு வயிற்றில் இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தச்சோகையும் வரும், இரத்தச்சோகை வந்தால் பசி இன்னும் குறையும். 2021, 2022ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. அதனால் பால்மா இருந்தால் எல்லாம் இருக்கிறது என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் பால் சோற்றுக்குப் பதிலாகாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் இரண்டு வயது கடந்தும் கொடுக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னர் கொடுக்காமல் பின்னர் கொடுங்கள். தேநீர் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

மூன்றாவது, பிள்ளைக்கென்று தனிச் சமையல் செய்யாதீர்கள். வீட்டாரின் சாப்பாட்டிலேயே உறைப்புப் போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வேளையும் பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் ஒன்று கோப்பையில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சிறிதளவு வையுங்கள். ஒரு போஞ்சித் துண்டு, ஒரு கரண்டி கீரை போதும். தொட்டுப் பார்த்தாலும் சரி, நக்கிவிட்டுத் துப்பினாலும் சரி, ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்குப் பத்து, பதினைந்து தடவைகள்கூட அதைக் காண வேண்டியிருக்கும். நாங்களோ மூன்றாம் தடவையிலேயே 'இவனுக்கு இது பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

"பத்துத் தரம் வைச்சுப் பத்துத் தரமும் எறிய எங்களிட்டைக் காசில்லை மிஸ்" என்று கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். உணவை எறிவது பசி கண்டவர்களுக்குப் பொறுக்க முடியாத காரியம். அதனால்தான் ஒரே ஒரு கரண்டி என்கிறேன். வீட்டாருக்குச் சமைத்ததில் ஒரு கரண்டி. மீதியை நீங்கள் சாப்பிடப் போகிறீர்கள். எதுவும் வீணாகாது.

நான்காவது, இருபது முதல் முப்பது நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். ஏச்சும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வேளை வரும் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அடுத்த வேளை வருமா என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைக்கு அது தெரிகிறது என்றால், அதை நீங்கள்தான் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஐந்தாவது, பிள்ளை தன் கையால் சாப்பிடட்டும். நிலத்தில் ஒரு பழைய பத்திரிகையை விரித்துவிடுங்கள். முகத்தில் பாதி, நிலத்தில் பாதி போகும். பிசைந்து விளையாடுவதும் உணவோடு பழகுவதுதான். மாலையில் ஓடி விளையாட விடுங்கள். ஒற்றை அறைக்குள் நாள் முழுக்க இருக்கும் பிள்ளைக்குப் பசி எப்படி வரும்? வெள்ளவத்தையில் இருப்பவர்கள் கடற்கரைக்குக் கூட்டிச் செல்லலாம். ரயில் பாதையைக் கடக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

குறைந்த செலவில் சத்துச் சேர்ப்பதற்குச் சில யோசனைகள்: நெத்தலியைக் கழுவி வறுத்து இடித்த தூளைப் பருப்பில் கலக்கலாம். சோற்றில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டால் சிறிய அளவிலேயே சக்தி கூடும். முட்டையைப் புட்டோடு கிளறிக் கொடுக்கலாம். முருங்கை இலையைப் பருப்போடு மசித்துச் சில துளி தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். பயறும் உழுந்தும் வறுத்து அரைத்த மாவில் களி கிண்டலாம். இறைச்சி, மீன், ஈரல் கிடைக்கும் நாளில் ஒரு சிறு துண்டாவது பிள்ளைக்கு வையுங்கள். முழுக் கச்சான், முழுத் திராட்சை, கொட்டையோடு ரம்புட்டான் ஆகியவற்றை மட்டும் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். தொண்டையில் அடைத்துவிடும்.

பொறுத்திருக்கக் கூடாத வேளை

பிள்ளை போதியளவு சாப்பிடுகிறதா என்பதைக் கோப்பையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்தும் சொல்ல முடியாது. கிளினிக்கில் தரும் சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறைக் கோடு இருக்கிறது. அந்தக் கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால், பிள்ளை மெலிவாகத் தெரிந்தாலும் பயப்படத் தேவையில்லை. "பிள்ளை மெலிஞ்சு போச்சு, தாய் கவனிக்கிறேல்லையோ" என்று கேட்கும் மாமியாருக்கு அந்தப் புத்தகத்தை விரித்துக் காட்டுங்கள்.

கோடு மட்டமாகப் போனால், அல்லது இறங்கினால், காத்திருக்க வேண்டாம். பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தாலும் காட்டுங்கள்: சாப்பிடும்போது அடிக்கடி இருமல் அல்லது புரைக்கேறுதல், அடிக்கடி வாந்தி, வெளிறிய கண்ணிமையும் சோர்வும், மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்னுதல், மலச்சிக்கல், ஒன்றரை வயது கடந்தும் கட்டியான உணவை மெல்ல முடியாமை, முன்னர் சாப்பிட்டவற்றை ஒவ்வொன்றாக விட்டு விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளில் வந்து நிற்றல், பேச்சுத் தாமதம், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு உணவின் மணமும் தொடுகையும் தாங்க முடியாததாக இருக்கும். இத்தகைய கடுமையான உணவு மறுப்பை ஒரு தனி நோய்நிலையாக மருத்துவ உலகம் 2013இல் வகைப்படுத்தியிருக்கிறது. அது பிள்ளையின் பிடிவாதமோ தாயின் வளர்ப்புக் குறையோ அல்ல. ஏசினால் மாறாது, சிகிச்சையும் பயிற்சியும் வேண்டும்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நாங்கள் மருத்துவிச்சி என்று அழைப்பவர்தான். வாடகை வீடு மாறி வந்தவர்கள் பலர் புதிய இடத்தில் பதியாமல் இருக்கிறார்கள். பதிந்துகொள்ளுங்கள். பூச்சி மருந்தும் விற்றமின் ஏ மருந்தும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷவும் கொடுக்கிறார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த இந்த மா 1973ஆம் ஆண்டிலிருந்து எங்கள் நாட்டில் வழங்கப்பட்டு வருகிறது. கஞ்சியாகப் பிடிக்காத பிள்ளைக்குத் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். மேலதிக சிகிச்சை தேவைப்பட்டால் பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மொழி தடையாக இருக்கும் என்று நினைத்தால், தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளை ஒரு வாரத்தில் சாப்பிட்டவற்றைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், விளக்கிச் சொல்ல இலகுவாக இருக்கும்.

அம்மாவின் கோப்பை

கடைசியாக ஒன்று. வெள்ளவத்தையில் ஒரு தாயிடம், "நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அவன் விட்ட மிச்சத்தை, அவன் படுத்தாப் பிறகு, குசினிக்குள்ளை நிண்டபடி" என்றார். அந்தப் பிள்ளைக்கு இரண்டேகால் வயது. தன் அம்மா சாப்பிடுவதை அது கண்டதே இல்லை. அதற்குத் தெரிந்த சாப்பாடு என்பது ஒருவர் திணிக்க மற்றவர் மறுக்கிற ஒரு சண்டை மட்டுமே.

பற்றாக்குறைக் காலத்தில் எங்கள் அம்மாமார் கடைசியாகச் சாப்பிட்டார்கள், அல்லது சாப்பிட்டதாகச் சொன்னார்கள். அதுவே எங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் பார்த்துத்தான் பழகுகின்றன. ஆகவே ஒரு பாயை விரித்து, பிள்ளையின் கோப்பைக்குப் பக்கத்தில் உங்கள் கோப்பையையும் வையுங்கள். நீங்கள் சாப்பிடுங்கள், பிள்ளையின் வாயைப் பார்க்காதீர்கள். அன்று நடந்த ஏதாவது கதையைச் சொல்லுங்கள். அந்தத் தாயும் அப்படியே தொடங்கினார். முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் வாரம், மகன் அவருடைய கோப்பையிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்துச் சப்பினான். இன்னும் கத்தரிக்காயைத் தொடுவதில்லை. வீட்டில் சாப்பாட்டு நேர அழுகை குறைந்திருக்கிறது.

கோப்பையைப் பிள்ளை தள்ளும்போது கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பழைய காட்சிகள் வருகின்றன என்றால், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். அது பிள்ளையின் பிரச்சினை அல்ல, உங்கள் காயம். அதற்கும் உதவி உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது உங்களைச் சந்திக்க வரும் சமூகப் பணியாளரிடம் சொல்லலாம்.

இந்த மாதம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒரு நாளில் ஒரு வேளை மட்டும், தொலைபேசி இல்லாமல், பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.